கை பிடித்திருந்தவர்

கொற்றன் முப்பது வருஷம் அரசாங்கக் களஞ்சியத்தில் நெல் அளந்தவன். அவன் மரக்காலைக் கவிழ்த்தால் ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது. அவன் அளந்து கொட்டியதை இன்னொருவன் திரும்ப அளந்ததாக அந்த நாட்டில் பேச்சே கிடையாது.

நெல் அளக்கிறவர்கள் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. கொற்றனுக்கு அது நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது. படி ஏறினாலும் லாபம், ரெண்டு. தோட்டத்தில் வாழைக்கன்று எண்ணினாலும் லாபம், ரெண்டு.

மூன்று வருஷமாக அவன் நெல் அளப்பதில்லை. மனைவி பூவாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு மரக்காலைப் பரணில் போட்டுவிட்டு, கோரைக்குளத்துக் கரைக்கு வந்துவிட்டான். அங்கே நங்கை அம்மை என்பவர் குடிசை போட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மைக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. முதல் நாள் அவன் காலில் விழுந்தபோது அம்மை சிரித்துவிட்டார்.

"எழுந்திரும், கொற்றரே. உமக்கு என் அண்ணன் வயது. முட்டி பிடித்துக்கொண்டால் நான்தான் எண்ணெய் போட்டு நீவ வேண்டும்."

அன்று முதல் அவன் அங்கேதான். வேர் அலசுவான், பட்டை இடிப்பான், மாத்திரை உருட்டுவான். சொன்னதைச் செய்வான். ஆனால் பத்து நாளைக்கு ஒரு தரமாவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவான்.

"அம்மா, அவளை மேட்டுச் சாலைக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாளா?"

அந்த நாட்டில் இரண்டே வைத்தியசாலைகள். ஒன்று குன்றின்மேல் இருந்தது, மேட்டுச் சாலை. இன்னொன்று ஆற்றங்கரையில். பூவாயிக்குக் காய்ச்சல் ஏறியபோது கொற்றன் அவளை ஆற்றங்கரைச் சாலையில்தான் சேர்த்தான். அது களஞ்சியத்துக்குப் பக்கம். அறுவடைக் காலம். மலைபோல நெல் வந்து குவிந்து கிடந்தது. "ரெண்டு நாளில் அளந்து முடித்துவிட்டு ஓடி வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் வந்தான். அவளை ஊரார் எடுத்துப் போய் எரித்துவிட்டிருந்தார்கள். கோடை வெயில், வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாம்பலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"பிழைத்திருப்பாளா, அம்மா?"

"இந்தச் சுக்கை இடியும்" என்பார் அம்மை.

இன்னொரு நாள் கேட்டால், "அடுப்பு அணைகிறது, பாரும்" என்பார்.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

அந்த மூன்று வருஷத்திலேயே மழையும் பொய்த்தது. ஒரு வருஷம் அல்ல, சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம். மூலிகை முளைக்கவில்லை. கஞ்சிக்கு அரிசி இல்லை. இரண்டு சாலைகளை நடத்த முடியாது, ஒன்றை மூடிவிடலாம், எது நன்றாகக் குணப்படுத்துகிறதோ அது மட்டும் இருக்கட்டும் என்று அரசர் சொல்லிவிட்டார்.

எது நன்றாகக் குணப்படுத்துகிறது? அதை யார் சொல்வது?

அரண்மனை அதிகாரி கோரைக்குளத்துக்கு வந்தார். "அம்மையே, உங்கள் ஆட்களில் கணக்குத் தப்பாதவர் ஒருவர் வேண்டும்" என்றார்.

அம்மை வாயைத் திறப்பதற்குள் கொற்றன் எழுந்து நின்றான்.

"நான் போகிறேன்."

அவன் ஏன் எழுந்தான் என்று அம்மைக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. "நம் கொற்றனா! அப்புறம் என்ன!" என்று மகிழ்ச்சியாகப் போய்விட்டார்.

"எதை அளப்பீர்?" என்று கேட்டார் அம்மை.

"எத்தனை பேர் நோயோடு வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்துப் போனார்கள். ரெண்டு சாலையிலும் ஓலை வைத்திருக்கிறார்கள். எண்ணினால் தெரிந்துவிடும்."

"நெல்லை அளக்கும் முன்னே என்ன செய்வீர்?"

"மரக்காலைத் தட்டிப் பார்ப்பேன். சிலர் அடியில் புளியை உருட்டி ஒட்டியிருப்பார்கள். மேலே ததும்பும், உள்ளே குறையும்."

"அதைச் செய்யும்" என்றார் அம்மை.

கொற்றன் தலையாட்டினான். ஓலை எழுதுகிறவர்கள் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

முதலில் ஆற்றங்கரைச் சாலைக்குப் போனான். மூன்று வருஷம் கழித்து அந்த வாசலில் கால் வைக்கிறான். கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே இடமில்லாமல் புன்னை மரத்தடியிலும் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மாட்டு வண்டியிலும், கட்டிலோடும், முதுகில் சுமந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அங்கே தலைமை வைத்தியர் எயினர். ஒல்லியான மனிதர். பாதி சாப்பாட்டில் எழுந்து வந்தவர்போலக் கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"ஓலை எல்லாம் அந்தப் பரணில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளும். எலி கடித்தது போக மிச்சம் சரியாக இருக்கும்" என்றார்.

கொற்றன் மரத்தடியில் உட்கார்ந்து ஓலையைப் பிரித்தான். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. பெயர், ஊர், நோய். கடைசியில் 'குணமாகிப் போனார்' அல்லது 'இங்கே கண் மூடினார்'. கண் மூடினார் என்று இருக்கும் வரிகளில் மட்டும் இன்னும் ஒரு சொல் இருந்தது. 'கை பிடித்திருந்தவர் இன்னார்.'

"இது எதற்கு?" என்று கேட்டான் கொற்றன்.

"எது?"

"கை பிடித்திருந்தவர் என்று."

"அது இங்கே வழக்கம். ஒருத்தருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சமையல்காரனானாலும் சரி, நானானாலும் சரி. அடங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது."

"அதை ஏன் எழுதுகிறீர்கள்?"

"பின்னால் வந்து கேட்பார்கள், வீட்டார்கள். சில பேர் வருஷக்கணக்கில் கழித்துக்கூட வருவார்கள்."

கொற்றன் ஓலையைத் திருப்பினான். "இது அளவில் சேராது" என்றான்.

"சேராதுதான்" என்று சொல்லிவிட்டு எயினர் நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவன் ஓலைகளைப் புரட்டி, இறந்தவர்களை மட்டும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். எண்ணும்போது வாய்விட்டுத்தான் எண்ணுவான்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருக்குய்யா லாபம்?"

திரும்பிப் பார்த்தான். ஒரு பெண்பிள்ளை ஈரத்துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உவர்மண்ணில் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன கைகள்.

"செத்தவங்களை எண்ணுறே. லாபம்ங்கிறே. வெட்கமா இல்லே?"

"அது அளக்கிறவங்க வழக்கம், தாயே. முதல் எண்ணை அப்படித்தான் சொல்லுவோம்."

"நல்ல வழக்கம் போ. அந்த முதல் ஆளோட பொஞ்சாதி கேட்டா உன் மண்டையைப் பிளந்திருப்பா. மூணு புள்ளைக்காரி."

சுற்றிப் படுத்திருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கொற்றனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உங்க பேரென்ன?"

"உலகி. இங்கே துணி வெளுக்கிறேன். நீ எந்த ஊரு?"

"களஞ்சியத்துத் தெரு. முன்னாலே நெல் அளந்துகிட்டிருந்தேன்."

உலகி மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். அவனை உற்றுப் பார்த்தாள். கேலியெல்லாம் முகத்தை விட்டுப் போய்விட்டது.

"நெல் அளக்கிறவரா? மூணு வருஷத்துக்கு முன்னாலே... ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமே."

"பொழுது சாயறதுக்குள்ளே முடிக்கணும், தாயே. ஓலை இன்னும் பாதி கிடக்கு. அப்புறமா வர்றேன், பேசலாம்."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டாள்.

கடைசி ஓலைக்கட்டுக்குள் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஓலை இருந்தது. அதை எடுத்தான். பூவாயியின் பெயர் வந்தது. 'பூவாயி, களஞ்சியத்துத் தெரு, விடாத காய்ச்சல், இங்கே கண் மூடினாள்' என்பதுவரை கண் போயிற்று. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஓலையை மூடிவிட்டு, எண்ணிக்கையில் மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

நூறு பேர் வந்தால் இருபத்தாறு பேர் இறந்திருந்தார்கள்.

மறுநாள் மேட்டுச் சாலை. அடிவாரத்திலிருந்து நூற்றெட்டுப் படி. கொற்றன் ஏறி முடிப்பதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தான். மேலே போனால் கண் குளிர்ந்துவிட்டது. தரையில் பார்த்தால் முகம் தெரியும். சந்தனமும் வேப்பிலையும் மணந்தன. ஒரு முனகல் சத்தம்கூட இல்லை.

தலைமை வைத்தியர் அம்பலவர் அவனுக்கு மோர் கொடுத்து உபசரித்தார்.

"எங்கள் சாலையில் சாவு என்பதே அபூர்வம்" என்றார்.

"எப்படி ஐயா?"

"கட்டுப்பாடுதான். முன்வாசல் வருவதற்கு, பின்வாசல் போவதற்கு. எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு."

பின்வாசலைப் போய்ப் பார்த்தான். குன்றின் பின்புறமாக ஒரு வண்டிப்பாதை இறங்கியது. மூன்று மாட்டு வண்டிகள் வைக்கோல் பரப்பித் தயாராக நின்றன. ஒரு வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"குணமானவங்களை வண்டியிலே வேற அனுப்புறீங்களா! ஆற்றங்கரைச் சாலைக்குன்னு ஒரு வண்டிகூட இல்லே" என்றான் கொற்றன்.

வண்டிக்காரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தவன், அம்பலவர் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேட்டுச் சாலை ஓலை முத்து முத்தான எழுத்து. வரிக்கு வரி ஒரே முடிவுதான். 'வீடு சேர்ந்தார்.' 'வீடு சேர்ந்தார்.' 'வீடு சேர்ந்தார்.' நூற்றுக்கு ஒன்று இரண்டில்தான் 'கண் மூடினார்'.

கொற்றன் அம்மை சொன்னதை மறக்கவில்லை. தட்டிப் பார்த்தான். ஓலையில் சுரண்டல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தான். இல்லை. தூரத்து ஊர்களை விட்டுவிட்டு, அடிவாரத்துத் தெருக்களில் பத்துப் பெயர்களைத் தேடிப் போனான். பத்துப் பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவனுக்கு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தார்.

கோரைக்குளத்துக்குத் திரும்பி நடந்தான். மூன்று வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிழைத்திருப்பாள். நூற்றெட்டுப் படி என்ன, தோளில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கலாம். களஞ்சியம் பக்கம் என்று பார்த்து, பாவி, அவளைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டேனே.

அம்மை பாயில் படுத்திருந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். கொற்றன் அதைக் கவனிக்கவில்லை. வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டினான். இருபத்தாறு, ஒன்று, படி, தரை, வண்டி.

அம்மை கையை நீட்டினார்.

"என் நாடியைப் பாரும்."

கொற்றன் மணிக்கட்டைப் பிடித்தான். "லாபம், ரெண்டு, மூணு..." என்று எண்ணினான். மணல் கடிகை வடியும்வரை எண்ணினான்.

"நூற்றுப்பத்து, அம்மா."

"சரியாக எண்ணினீரா?"

"ஒன்றுகூடப் பிசகவில்லை."

"என் கை எப்படி இருக்கிறது?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கை நெருப்பாய்க் கொதித்தது. இவ்வளவு நேரமும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, அம்மா! காய்ச்சல்!" என்று எழுந்து ஓடினான். நிலவேம்பு வைத்தான், கஞ்சி வைத்தான், நெற்றிக்கு ஈரத்துணி போட்டான். அதில் ஒரு குறையும் இல்லை.

"உம் கணக்கு ஓலையை அரண்மனைக்கு நாலு நாள் கழித்து அனுப்பும்" என்றார் அம்மை, கண்ணை மூடிக்கொண்டே.

"அதிகாரி இன்றைக்கே கேட்டிருக்கிறார், அம்மா."

அம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொற்றன் ஓலையை அனுப்பிவிட்டான்.

பத்து நாள் அம்மைக்குக் காய்ச்சல் விடவில்லை. பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் செய்தி வந்தது. ஆற்றங்கரைச் சாலையை மூடிவிட்டார்கள். சுவரை இடித்துச் செங்கல்லை மேட்டுச் சாலைக்கு ஏற்றுகிறார்கள். எயினரும் அவருடைய ஆட்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

 நல்லதுதானே நடந்திருக்கிறது என்று கொற்றன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

மேட்டுச் சாலையில் இப்போது எப்படி என்று பார்த்து வரலாமென்று ஒருநாள் காலையில் கிளம்பினான்.

குன்றின் அடிவாரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் கூட்டமாக ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். கட்டிலோடு வந்தவர்கள். முதுகில் சுமந்து வந்தவர்கள். நூற்றெட்டுப் படிக்குக் கீழே, மேலே ஏற முடியாமல் கிடந்தார்கள். சுமந்து வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை பேர் என்று கொற்றன் எண்ணப் போனான். வாய் திறந்தது. முதல் சொல் வரவில்லை.

அப்போது குன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. அன்றைக்குப் பார்த்த அதே வண்டிக்காரன். மாட்டை நிறுத்திவிட்டு மர நிழலில் இறங்கினான்.

"என்னய்யா, அளவுகாரரே! மறுபடியும் எண்ண வந்தீங்களா?"

கொற்றன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். வைக்கோலில் ஒரு கிழவர் படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. மார்பு எப்போதாவது ஒரு தரம் ஏறி இறங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை.

"இவரு..." என்றான் கொற்றன்.

"வீடு சேரப் போறாரு."

"குணமாகலையே!"

"குணமானவனுக்கு எதுக்குய்யா வண்டி? அவன் நடந்தே போயிடுவானே."

கொற்றன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஓலையிலே வீடு சேர்ந்தார்னு போட்டிருந்துதே."

"இவருக்கும் அதைத்தான் போட்டிருப்பாங்க. வீடு ரெண்டு இருக்குல்ல, ஐயா? கூரை போட்டது ஒண்ணு, கூரை இல்லாதது ஒண்ணு. மேலே இருக்கிறவங்க ரெண்டுக்கும் ஒரே சொல்லாப் போட்டுருவாங்க. அதிலே பொய் என்ன இருக்கு?" என்றான் வண்டிக்காரன். சிரிக்க முயன்றான், சிரிப்பு வரவில்லை. "நாடி விழுந்துட்டா உடனே வண்டிதான். பாதிப் பேரு வழியிலேயே முடிஞ்சுருவாங்க. நான் திரும்பிப் பார்க்கிறதில்லே. மாட்டைத்தான் பார்த்து ஓட்டுவேன்."

"அன்னிக்கே ஏன்யா சொல்லலே?"

"நீங்க கேட்கலையே. வண்டி நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

கொற்றன் வண்டியில் ஏறிக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர் எல்லை வருவதற்குள் அந்தக் கை குளிர்ந்துவிட்டது. கிழவரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் பெண்கள் அழுதபோதுதான் தெரிந்தது. இறங்கி நேராக அரண்மனைக்கு நடந்தான்.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"நான் அளந்தது தப்பு. மரக்கால் தப்பு. மறுபடி அளக்க வேண்டும்" என்றான் கொற்றன்.

"கொற்றா, களஞ்சியத்தில் யாராவது திரும்ப அளக்கச் சொன்னால் நீ என்ன சொல்லுவாய்?"

அதிகாரி அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அளந்து கொட்டியதை மறுபடி அளக்கிற வழக்கமில்லை என்பாய். நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அரசர் உன் பேருக்காகத்தான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முத்திரை வைத்தார். செங்கல்லும் ஏறிவிட்டது. இப்போது வந்து என்ன செய்யச் சொல்கிறாய்?"

கோரைக்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மை கரையில் உட்கார்ந்து கோரை கிழித்துக்கொண்டிருந்தார். கொற்றன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டான்.

"நீங்கள் ஏன் என்னைத் தடுக்கவில்லை?"

"தடுத்தால் நின்றிருப்பீரா?"

யோசித்துப் பார்த்தான்.

"மாட்டேன்" என்றான்.

"நான் அந்த ஓலையைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கலாம். கையில் தெம்பு இல்லை என்று படுத்திருந்தேன். அதற்குத் தெம்பு இருந்தது, கொற்றரே." அம்மை கிழித்த கோரையைக் கீழே வைத்தார். "நானும்தான் படுத்திருந்தேன்."

 குளத்தில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. ஒரு கொக்கு சேற்றில் நின்றது.

"ஒன்று மட்டும் தெரிந்துபோயிற்று. மேட்டுக்குக் கொண்டு போயிருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். வைக்கோலில் போயிருப்பாள்" என்றான் கொற்றன்.

அம்மை எழுந்து உள்ளே போனார். ஓர் ஓலைக்கட்டோடு வந்தார்.

"எயினர் ஊரை விட்டுப் போகும்போது, நீர் இல்லாத நேரத்தில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். எங்கே வைப்பது என்று தெரியவில்லையாம். யாராவது கேட்டு வந்தால் சொல்ல வேண்டுமாம்."

கொற்றன் கட்டைப் பிரித்தான். எந்த ஓலை என்று தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகவே போயிற்று.

'பூவாயி, களஞ்சியத்துத் தெரு, விடாத காய்ச்சல், இங்கே கண் மூடினாள்.'

அவன் கண் அங்கேயே நின்றது.

"அப்புறம்?" என்றார் அம்மை.

"அப்புறம்..." கொற்றன் ஓலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "'உச்சி முதல் பொழுது சாயும்வரை கை பிடித்திருந்தவர் உலகி.'"

மறுபடியும் படித்தான். மூன்றாம் தடவை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அந்த நாளில் உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நானூறு கலம் அளந்தான். ஒரு மணி பிசகவில்லை.

"அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள், அம்மா. நெல் அளக்கிறவரா என்று கேட்டாள். மூட்டையை இறக்கிக்கூட வைத்தாள். அப்புறமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்."

உலகி என்ற பெயரை விரலால் தடவினான்.

"பூவாயி ஏதோ சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்டிருக்கிறாள். இல்லாவிட்டால் நெல் அளக்கிறவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?" கொற்றன் எழுந்துவிட்டான். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "இப்போதே போகிறேன். உலகியை நான் எங்கே போய்ப் பார்க்கலாம், அம்மா?"

அம்மை ஓலையை அவன் கையிலிருந்து வாங்கி, கட்டுக்குள் செருகி, கயிற்றைச் சுற்றினார்.

"சாலை இருந்தால் அங்கேதான் இருப்பாள், கொற்றரே."